கடன் வாங்கிப் படித்த பி.பி.எட்.: கட்டிய தவணையும் கைக்கு வந்த சம்பளமும்

2016-ஆம் ஆண்டு ஜூலையில், வரலாற்றில் இளங்கலை முடித்த கையோடு, சுயநிதி உடற்கல்வியியல் கல்லூரி ஒன்றில், உடற்கல்வி ஆசிரியராவதற்கான பி.பி.எட். படிப்பில் சேர்ந்தேன். அதற்காக அரசுடைமை வங்கி ஒன்றில் 2,80,000 ரூபாய் கல்விக் கடன் வாங்கினேன். படிப்பு 2018-இல் முடிந்தது. கடன் இன்னும் முடியவில்லை. இந்தப் படிப்பில் சேர நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "கடன் வாங்கிப் படிக்கலாமா, சார்?" என்பதுதான். ஒரு பொருளை வாங்கிப் பல ஆண்டு பயன்படுத்தியவர் அதன் தரத்தையும் விலையையும் எடுத்துச் சொல்வதைப் போல, படிப்பு, கடன் ஆகிய இரண்டையும் பற்றி என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. பி.பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பாக இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு அது இரண்டாண்டாயிற்று. பாடத்திட்டம் விரிந்தது உண்மை. ஆனால் கடன் வாங்கிப் படிப்பவருக்குக் கட்டணமும் விடுதிச் செலவும் இரட்டிப்பாயின, சம்பாதிக்கத் தொடங்கும் நாளும் ஓராண்டு தள்ளிப்போயிற்று. இந்த ஓராண்டின் விலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு முந்தைய தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்கள் "நாங்கள் படித்தபோது இவ்வளவு செலவாகவில்லையே" என்று வியப்பதற்கு விலைவாசி உயர்வோடு இதுவும் ஒரு காரணம்.

கற்றுக்கொடுத்ததில் குறை சொல்ல மாட்டேன். ஓர் எடுத்துக்காட்டு போதும். 400 மீட்டர் ஓடுபாதை ஒன்றைத் தரையில் வரைவதற்கு எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. மைதானத்தின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து, நேர்ப்பகுதியை 84.39 மீட்டருக்கு அளந்து, இரு முனைகளிலும் இரும்பு ஆணி அடித்து, அதில் கம்பியைக் கட்டி 36.5 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் இழுக்க வேண்டும். பிறகு 1.22 மீட்டர் அகலத்தில் ஒவ்வொரு தடமாகப் பிரிக்க வேண்டும். இரண்டாவது தடத்தில் ஓடுபவர் முதல் தடத்துக்காரரைவிட 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால் அந்த நான்கு சென்டிமீட்டரை விட்டுவிட்டால் ஒரு பிள்ளையின் பதக்கம் போய்விடும் என்பது, சுண்ணாம்புத் தூள் கையில் வெந்துகொண்டிருக்கும்போது பேராசிரியர் மூன்றாவது முறையாகக் கோட்டை அழித்து மறுபடி போடச் சொன்னபோதுதான் புரிந்தது. இன்று எந்தப் பள்ளிக்குப் போனாலும், மேடும் பள்ளமுமான ஒரு பொட்டலைக் கொடுத்தால் அதில் 200 மீட்டர் ஓடுபாதையைப் பிழையில்லாமல் வரைந்துவிடுவேன். உடற்கூறியல், விளையாட்டுக் காயங்களுக்கான முதலுதவி, ஆட்ட விதிகள், நடுவர் பணி, கற்பித்தல் பயிற்சி, தலைமைப் பண்புப் பயிற்சி முகாம் ஆகிய எல்லாமே எனக்கு வேலையில் பயன்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் இந்தக் கல்விக்கு நூறாண்டு வரலாறு உண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவதாகக் கருதப்படுகிறது. விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவாக்கிய மாநிலமும் இதுதான். ஆகவே படிப்பின் தரத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. நான் ஐயப்படுவதும் வருந்துவதும் விலையைப் பற்றித்தான்.

நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். முதலாண்டில் கல்லூரிக் கட்டணம் 70,000, விடுதியும் சாப்பாடும் 60,000, டிராக் சூட், ஸ்பைக்ஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம், முகாம் எல்லாம் சேர்ந்து 20,000 என்று 1,50,000 ரூபாய் ஆயிற்று. இரண்டாமாண்டில் 1,30,000. இந்தத் தொகையைத்தான் வங்கி கொடுத்தது. காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இறங்கி எட்டு மணிவரை ஓடிவிட்டு வரும் உடம்புக்கு விடுதிச் சாப்பாடு போதாது. முட்டைக்கும் பாலுக்கும் பழத்துக்கும் மாதம் 1,800 ரூபாய் தனியாகச் செலவாயிற்று. அது கல்லூரிக் கட்டண விவர அட்டையிலும் இல்லை, வங்கி விண்ணப்பத்திலும் இல்லை. அப்பா அனுப்பினார். உடற்கல்வி படிக்கும் பிள்ளைக்கு வேறு படிப்புக்காரர்களுக்கு இல்லாத இந்தச் செலவு கட்டாயம் உண்டு என்பதைப் பெற்றோர் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கடன் என்ற சேவை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணையும் வேண்டியதில்லை, கைப்பணம் போட வேண்டியதுமில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். அதன் பிறகு அதிகபட்சம் 15 ஆண்டுகளில் கட்டி முடிக்கலாம். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், நான் போன கிளையில் "பி.டி. மாஸ்டர் படிப்புக்கெல்லாம் லோன் கொடுத்தால் எப்படித் திருப்பிக் கட்டுவீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அப்பாவின் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைத் தர வேண்டிய கட்டாயமில்லை என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், சேர்க்கைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வாதாடியிருப்போமா என்பது வேறு. அதனால் இப்போது விண்ணப்பிப்பவர்கள் கிளைக்கு நேரில் போவதற்கு முன் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். விண்ணப்பித்த நாளுக்குப் பதிவு இருந்தால், காரணம் சொல்லாமல் இழுத்தடிப்பது அவர்களுக்குக் கடினம்.

ஆனால் அந்தக் கிளையில் கேட்ட கேள்வி, கேட்ட விதம் தவறாக இருந்தாலும், கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். அதை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு வட்டி 10.5 விழுக்காடு. தவணை கட்டாத மூன்று ஆண்டுகளில் வட்டி சும்மா இருக்கவில்லை. முதல் 1,50,000 ரூபாய்க்கு மூன்றாண்டு வட்டி 47,250. அடுத்த 1,30,000 ரூபாய்க்கு இரண்டாண்டு வட்டி 27,300. ஆக 2019 ஜூலையில் முதல் தவணை தொடங்கியபோது கடன் 3,54,550 ரூபாயாக நின்றது. ஏழு ஆண்டுகளுக்கு மாதம் ஏறத்தாழ 5,980 ரூபாய். மொத்தம் கட்ட வேண்டியது 5 லட்சத்துக்கும் சற்று மேல். பதினைந்து ஆண்டுகளாக நீட்டித்திருந்தால் மாதத் தவணை 3,920 ரூபாயாகக் குறைந்திருக்கும். மொத்தமோ 7 லட்சத்தைத் தாண்டியிருக்கும். மாறாக, படிக்கும் காலத்திலேயே முதலாண்டில் மாதம் 1,313 ரூபாயும் அதன் பிறகு 2,450 ரூபாயும் வட்டியாகக் கட்டிவந்திருந்தால், கடன் 2,80,000 ரூபாயிலேயே நின்று, தவணை 4,720 ரூபாய்க்கு இறங்கியிருக்கும். அப்படி வட்டி கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டி விகிதத்தில் ஒரு விழுக்காடு சலுகையும் தருகின்றன. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தவணை தொடங்கும்வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று 2009 முதல் இருக்கிறது. கல்லூரியின் தர அங்கீகாரத்தையும் அது பார்க்கும் என்பதால், சேரும் முன்பே, "இந்தக் கல்லூரிக்கு வட்டி மானியம் கிடைக்குமா?" என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. என் வகுப்பில் அதைக் கேட்டுப் பெற்ற நண்பன் ஒருவனுக்கு எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாயிற்று. நான் கேட்கவில்லை.

இனி, தராசின் மற்றத் தட்டு. இந்தப் படிப்பை விற்பவர்கள் காட்டும் சம்பளம் எப்போதும் அரசுச் சம்பளம். அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் நிலை-1 பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது; அகவிலைப்படி தனி. அந்தச் சம்பளத்தில் 5,980 ரூபாய் தவணை பெரிய பாரமே இல்லை. பிரச்சினை, அந்த நாற்காலி எப்போது காலியாகும் என்பது யாருக்கும் தெரியாதது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-இல் 1,325 சிறப்பாசிரியர் பணியிடங்களை அறிவித்தபோது அதில் 663 இடங்கள் உடற்கல்விக்கு உரியவை. நான் அப்போது இரண்டாமாண்டு மாணவன். என் சீனியர்கள் எழுதினார்கள், என்னால் எழுத முடியவில்லை. ஒரு தேர்வு அறிவிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே ஓடும் ஆண்டுகளில் வங்கித் தவணை காத்திருப்பதில்லை.

பகுதிநேர ஆசிரியர்களின் நிலையையும் சொல்லியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம், நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள நடுநிலை வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களைத்தான் வரையறுத்தது. அதன் அடிப்படையில் 2012-இல் தமிழ்நாட்டில் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். 2021-இல் அது 10,000 ரூபாயாயிற்று; 2023-இல் 12,500 என்று அறிவிக்கப்பட்டது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை என்பது ஏட்டில். விளையாட்டு விழா, குறுவட்டப் போட்டி, குடியரசு தின விளையாட்டு என்று வந்துவிட்டால் அரைநாள் எங்கே முழுநாள் எங்கே என்பது அந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். என் பார்வையில் இது ஒரு சமூகத்தின் பெரிய அநீதி. ஒரு பாடத்தைப் பள்ளியில் பகுதிநேரமாக்கிவிட்டு, அதற்கான படிப்பை மட்டும் இரண்டு முழு ஆண்டுகளாக்கி, அதற்கு முழுக் கடனும் வாங்க வைப்பது எந்த விதத்தில் நியாயம்?

எனக்குக் கிடைத்தது தனியார் பள்ளி. 2018-இல் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் 9,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். தவணை தொடங்கிய 2019-இல் சம்பளம் 12,000. அதில் பாதி வங்கிக்குப் போயிற்று. மீதியில் அறை வாடகை, பேருந்து, சாப்பாடு. மாலை நேரத்தில் நான்கு பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி கொடுத்து 4,000 ரூபாய் சம்பாதித்தேன். அது இல்லாவிட்டால் மூன்றாவது மாதமே தவணை தவறியிருக்கும். தவறினால் என் பெயர் மட்டும் கெடாது. இணைக் கடன்தாரரான அப்பாவின் கடன் மதிப்பெண்ணும் இறங்கும், அவர் ஆடியில் வாங்கும் பயிர்க் கடனுக்கு அது குறுக்கே நிற்கும் என்பதை அந்த நாள்களில் நினைக்காத இரவில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கணிதத்தையும் அறிவியலையும் கைப்பேசியில் நடத்தலாம். உடற்கல்வியை எப்படி நடத்துவது? எங்கள் பள்ளியில் முதலில் நின்றது என் சம்பளம். ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க அனுமதித்ததால் மூச்சு விட முடிந்தது. ஆனால் அந்த ஆறு மாத வட்டி, பதினேழாயிரத்துச் சொச்சம், அசலோடு சேர்ந்துகொண்டது. வட்டிக்கு வட்டியாக விழுந்த சில நூறு ரூபாயை அந்த ஆண்டு நவம்பரில் திருப்பித் தந்தார்கள். அதே தவணையைக் கட்டிவந்தால், இடையில் வட்டி விகிதம் ஏறி இறங்கியதைச் சேர்க்காமல் பார்த்தாலும், 2026 ஜூனில் முடிய வேண்டிய கடன் 2027 ஜூனுக்குப் போய்விட்டது. ஆறு மாதம் கட்டாமல் இருந்ததற்கு ஒரு முழு ஆண்டு கூடுதல். ஒத்திவைப்பு என்றால் தள்ளுபடி என்று நினைத்த என் சக ஆசிரியர்கள் பலர் இதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

இப்போது சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றில் 22,000 ரூபாய் வாங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உடற்கல்வியை அந்த வாரியம் 2018-இல் கட்டாயமாக்கிய பிறகு, நேர அட்டையில் எங்கள் பாடவேளைக்கு ஓர் இடம் உறுதியாயிற்று, கணக்கு ஆசிரியர் வந்து "இந்த பி.டி. பீரியடை எனக்குக் கொடுங்கள்" என்று வாங்கிக்கொண்டு போவது குறைந்தது. தவணை இன்று என் சம்பளத்தில் கால் பங்குக்குச் சற்று மேல். தாங்கக்கூடியதுதான். ஆனால் இந்த நிலைக்கு வர எனக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த ஆண்டுகளைத் தாண்ட முடியாமல் என்னோடு படித்தவர்களில் சிலர் மைதானத்தை விட்டே போய்விட்டார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் கல்லூரியிலேயே சிறந்த கபடி ஆட்டக்காரன். இன்று உணவு விநியோக நிறுவனம் ஒன்றில் வண்டி ஓட்டுகிறான். கடனை ஒழுங்காகக் கட்டிவருகிறான்.

பி.பி.எட். முடித்து, அதன் மேற்படிப்பான எம்.பி.எட். படித்தால் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஆகலாமே என்பார்கள். ஆகலாம். பல்கலைக்கழக மானியக் குழு ஊதியத்தில் தொடக்கமே 57,700 ரூபாய். அதற்கு எம்.பி.எட். பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண், நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம், போட்டிகளில் பங்கேற்ற சான்று ஆகியவற்றோடு உடல் தகுதித் தேர்வும் உண்டு: முப்பது வயதுக்குட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓட வேண்டும், அதன் பிறகு நாற்பது வயதுவரை 1,500 மீட்டர். ஓட்டம் நம்மவர்களுக்குப் பயமில்லை. ஆனால் மேலும் இரண்டு ஆண்டு, மேலும் ஒரு கடன் என்பதை முதல் வேலை கிடைப்பதற்கு முன் யாரும் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே போல, அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 விழுக்காடு ஒதுக்கீட்டை இந்தப் பட்டத்தோடு சேர்த்துப் பேசுவது தவறு. அது போட்டிகளில் சாதித்தவர்களுக்கு உரியது. அதைப் பெற பி.பி.எட். தேவையில்லை, பி.பி.எட். இருந்தால் மட்டும் அது கிடைப்பதுமில்லை. பயிற்றுநராக வேண்டும் என்பதுதான் ஒருவரின் ஆசையென்றால், பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஓராண்டுப் பட்டயத்தையும் பி.பி.எட். படிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எனவே பி.பி.எட். படிப்புக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுக்கிறேன்; சுயநிதிக் கல்லூரியில் விடுதியோடு முழுச் செலவையும் கடனாக வாங்கிப் படிக்கும் முறைக்குக் கொடுக்க மாட்டேன். அரசுக் கல்லூரியிலும் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கட்டணம் கணிசமாகக் குறைவு. அங்கே இடம் கிடைக்காவிட்டால் ஓராண்டு காத்திருந்து, உடல் தகுதித் தேர்வுக்கு நன்றாகத் தயாராகி மறுபடி முயல்வது, சுயநிதிக் கல்லூரியில் உடனே சேர்வதைவிடச் செலவு குறைந்த வழி. எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. உங்கள் ஊரில் உள்ள மூன்று தனியார் பள்ளிகளுக்குப் போய், புதிதாகச் சேரும் உடற்கல்வி ஆசிரியருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். அந்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும் தவணையுள்ள கடனை வாங்காதீர்கள். அரசுச் சம்பளத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

என்னிடம் பள்ளியில் 800 மீட்டர் ஓட்டம் பயின்ற மாணவி ஒருத்தி பட்டம் முடித்துவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தாள். பல்கலைக்கழகக் கல்லூரியில் இடம் கிடைத்தது. என் தவணைக் கணக்கை அவளுடைய அப்பாவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். வங்கியில் ஆண்டுக்கு 60,000 வீதம் 1,20,000 ரூபாய் மட்டும் கடன் கேட்டார்கள். மீதியை வீட்டிலிருந்து பார்த்துக்கொள்வதாக அவளுடைய அப்பா சொன்னார். நான் கட்டிய அதே வட்டிக்கு, ஒன்றும் கட்டாமல் விட்டால்கூட, ஏழாண்டுத் தவணை 2,554 ரூபாய்தான். ஆனால் அவர் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி கிளைக்குப் போய் வட்டி 525 ரூபாயைக் கட்டிவிட்டு, ரசீதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறார்.